ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பதிவிறக்கங்கள்: ஒரு தன்னிலை விளக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் டிஜிட்டல் ஆய்வுக் களஞ்சியத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் பொறுப்பாளர் அம்மா அவர்களின் மேலான கவனத்துக்கு, மின்சார அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவன், கீழ்த்தளம் ஒன்றாம் எண் வீட்டிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சுமார். அங்கே தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் சர்வரும் நலமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதன் உடல்நிலைக்கு நானும் ஒரு காரணம் என்று தங்கள் மின்னஞ்சலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மின்னஞ்சல் சனிக்கிழமை காலை வந்தது. மூன்று தடவை நானே படித்தேன், நாலாவது தடவை என் மனைவி சத்தமாகப் படித்துக் காட்டினாள். "கீழ்த்தளச் சுவர்களில் ஈரம் ஏறும் விதம்" என்ற முனைவர் பட்ட ஆய்வேடு மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது தடவை பதிவிறக்கம் ஆகியிருக்கிறது என்றும், அதில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கடந்த முப்பத்தைந்து நாளில் என் வீட்டு இணைப்பிலிருந்து மட்டும் வந்திருக்கிறது என்றும், இது தானியங்கி இயந்திரத்தின் வேலையாக இருக்கக்கூடும் என்றும், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் எண்ணிக்கை மூன்றாகத் திருத்தப்பட்டு ஆசிரியருக்கும் தகவல் தெரிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மா, அது இயந்திரம் இல்லை, நான்தான். அறுபத்து மூன்று வயதில் என்னை இயந்திரம் என்று சந்தேகப்பட்ட முதல் ஆள் நீங்கள், சந்தேகம் இருந்தால் என் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இப்போது விஷயம் அது இல்லை. "ஆசிரியருக்கும் தகவல் தெரிவிக்கப்படும்" என்கிறீர்களே, அந்த ஆசிரியர் என் மகள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நேர்காணல். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த எண்ணில் கை வைக்காதீர்கள், அவளிடம் மூச்சு விடாதீர்கள். அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தைத் தங்கள் தளத்தில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு, ஆசிரியர், துறை, மொழி, பக்க எண்ணிக்கை என்று ஒன்பது கட்டங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு விளக்கக் கடிதத்துக்கு முக்கியச் சொற்கள் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அதிகாரிகள் கேட்டால் கொடுப்பதுதானே முறை என்று "ஈரம், மகள், மன்னிப்பு" என்று போட்டேன். யார் யார் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் கேட்டது. நூலகத்தில் தங்களுக்கு உதவியாக நாலு பேர் இருப்பார்களே, அவர்களை விட்டுவிட்டால் மரியாதையில்லை என்று "எல்லோரும்" என்ற இடத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

இனி நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். என் மகள் வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி, ஒரு கட்டட அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கிறாள். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்றரை மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது குரல் சரியில்லை. "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்று கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. டைல்ஸ் கடையில மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுறாங்க, போயிடலாம்னு பார்க்கறேன்" என்றாள். "அப்போ அந்த ஆராய்ச்சி?" என்றேன். "நாலு வருஷம் எழுதினேன்ப்பா. களஞ்சியத்துல போட்டு ரெண்டு வருஷமாச்சு. மூணு பேர் இறக்கியிருக்காங்க. ஒண்ணு என் பேராசிரியர், ஒண்ணு நான். மூணாவது ஆள் தெரியாம கை பட்டு இறக்கியிருப்பாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை. டைல்ஸ் கடை மோசம் என்று சொல்லவில்லை, நல்ல கடையாம், குளிர்சாதன வசதிகூட இருக்கிறதாம். ஆனால் அவளுக்குச் சுவர்தான் பிடிக்கும் அம்மா, தரை பிடிக்காது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தங்கள் களஞ்சியத்தைத் தேடிப் பிடித்தேன். முகப்பிலேயே தாங்கள் எழுதிய கையேடு இருந்தது: "களஞ்சியத்திலிருந்து முழுப் பயன் பெறுவது எப்படி", பதினாலு பக்கம். அம்மா, நான் முகஸ்துதிக்குச் சொல்லவில்லை, எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கையேடு இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு படி மேலே போய் ஓய்வுபெற்றிருப்பேன். அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் கோத்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் பக்கத்தோடு மை தீர்ந்துவிட்டதால் கடைசி இரண்டு பக்கம் மட்டும் மங்கல். கையேட்டின்படி தேடல் கட்டத்தில் "ஈரம்" என்று போட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வந்து விழுந்தது. முதலில் வந்தது தவளைத் தோலைப் பற்றி. நான் அதை என் பெண் எழுதியது என்று நினைத்து பதினோரு பக்கம் படித்துவிட்டேன், எப்போது சுவர் வரும் எப்போது சுவர் வரும் என்று. பிறகு நாலாம் பக்கத்தில் தாங்கள் சொன்னபடி தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆண்டு, துறை என்று ஒவ்வொன்றாக வடிகட்டினேன். வந்துவிட்டது. அவள் பெயர். பக்கத்தில் சின்னதாகப் பதிவிறக்கம்: மூன்று.

நடுவில் ஆறாம் பக்கத்தில் சொன்ன அறிவிப்பு வசதியையும் விடவில்லை. புதிதாக ஏதாவது சேர்ந்தால் மின்னஞ்சல் வருமாறு "ஈரம்", "சுவர்", "தூக்கம்" மூன்றுக்கும் பதிந்துகொண்டேன். தூக்கம் என்பது என் மனைவியின் வேண்டுகோள். அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை அம்மா. தினமும் பத்துப் பதினைந்து ஆய்வு வருகிறது, அவ்வளவுக்கும் சுருக்கத்தை அவள் படிக்கிறாள். சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட, "மாதிரி போதாது, இன்னொரு கரண்டி ஊத்திச் சாப்பிட்டுச் சொல்லுங்க" என்கிறாள். போன வாரம் என்னை எழுப்பி உட்கார வைத்து, "ஏங்க, தலையணையை மாத்தினா குறட்டை குறையுமான்னு ஒருத்தர் நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். குறையலையாம். நான் முப்பது வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன், எனக்கு யார் பட்டம் கொடுத்தா?" என்று கேட்டாள். இதற்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

விதி விளையாடியது பதினோராம் பக்கத்தில். "பதிவிறக்க எண்ணிக்கை ஓர் ஆய்வின் பயன்பாட்டைக் காட்டும் அளவுகோல்களில் ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதலாம். ஆனால் அதைப் படிக்கிறவன் மீட்டர்காரன் என்று யோசித்தீர்களா? ஓர் எண் மூன்றிலேயே நின்றால் எனக்குக் கை பரபரக்காதா? ஓடாத மீட்டரைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிய ஆள் இல்லை நான். ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். மூன்று நாலானது. இன்னொரு தடவை அழுத்தினேன். ஐந்து. என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. டாக்டர் என்னைத் தினம் காலையில் வாசல் முற்றத்தில் நாற்பது சுற்று நடக்கச் சொல்லியிருக்கிறார். சுற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். நடைக்கு நடையும் ஆச்சு, மகளுக்கு உதவியும் ஆச்சு. மழை நாளில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. முப்பத்தைந்து நாளில் ஆயிரத்து நானூறு என் காலால் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு ஆயிரத்து நானூறு பிரதி என் போனில் நிரம்பி, அது ஒரு கட்டத்தில் எனக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்தால்கூட மணியடிக்க மறுத்துவிட்டது.

மீதி நானூற்று நாற்பத்தாறுக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமே. எட்டாம் பக்கத்தில் நிரந்தர இணைப்பை எல்லோரோடும் பகிருங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைக் கட்டம் கட்டமாக ஒரு சதுர க்யூஆர் குறியாக அச்செடுத்து, எங்கள் கட்டட லிஃப்டுக்குள் பொத்தான்களுக்குக் கீழே ஒட்டினேன். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் பழுது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அது லிஃப்ட் புகார் கொடுக்கிற குறி என்று நினைத்துப் போனைக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி வக்கீல் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "நான் நாலு தடவை லிஃப்டைப் பத்திப் புகார் கொடுத்தேன். நாலு தடவையும் சுவரைப் பத்தி ஒரு புத்தகம் அனுப்பறாங்க. இது என்ன கேலியா?" என்று கத்தினார். நான் தலை குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு என் வீட்டு வைஃபையை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஒரே நிபந்தனை, முதலில் என் பெண்ணின் ஆய்வை ஒரு தடவை இறக்க வேண்டும். லிஃப்ட் என் வாசலை ஒட்டி இருப்பதால் படிக்கட்டு முழுக்கச் சாயங்காலத்தில் ஆட்கள். அத்தனையும் என் இணைப்பில் ஏறியது இப்படித்தான்.

இதெல்லாம் வேடிக்கை மாதிரி இருக்கும், ஆனால் கேளுங்கள். எண்ணிக்கை இருநூறு தாண்டிய அன்று அவளே கூப்பிட்டாள். "அப்பா, யாரோ படிக்கிறாங்கப்பா" என்றாள், ரொம்ப மெதுவாக, சத்தமாகச் சொன்னால் நின்றுவிடும் என்பது மாதிரி. எழுநூறில் மறுபடி கூப்பிட்டாள். "ஒரே இடத்துலேர்ந்து நிறைய வருது போலப்பா. ஏதோ பெரிய கட்டுமானக் கம்பெனி மொத்தமா எடுத்துப் படிக்குதுன்னு நினைக்கறேன்" என்றாள். "இருக்கும்மா, இருக்கும்" என்றேன். அந்தக் கம்பெனி அப்போது லுங்கியோடு ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறில் அவள் டைல்ஸ் கடைக்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று தள்ளிப்போட்டுவிட்டு, ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். போட்டதோடு நில்லாமல், விண்ணப்பத்திலேயே, "ஐந்து வாரத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் விளையாட்டாக ஏற்றிய எண் என் பெண்ணின் கையெழுத்துக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுவிட்டு எப்படி அம்மா சொல்வது? நான் கோழை. மறுநாளும் நாற்பது சுற்று நடந்தேன்.

தங்கள் இயந்திரம் அந்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பொய் என்று சொல்லிவிட்டது. அங்கேதான் எனக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. நாலாவது வாரம் எங்கள் கூடத்துச் சுவரைப் பூச ஒரு மேஸ்திரி வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சுவர், பல வருஷமாகவே ஊறிப் பொருக்குப் பொருக்காக உதிரும். அவர் கீழ்ப்பாதிக்கு சிமென்ட் பூசிவிட்டு, அது இறுகுகிற வரைக்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சும்மாதானே இருக்கிறார் என்று அவர் போனிலும் ஒரு பதிவிறக்கம் போடச் சொன்னேன். மற்றவர்கள் எல்லோரும் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மனுஷன் திறந்துவிட்டார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் படித்தார். "மேஸ்திரி, காஞ்சிருச்சு" என்றேன். "இருங்க சார்" என்றார். என் மனைவி வைத்த டீ ஆறிப்போயிற்று. பிறகு எழுந்தார், உளியை எடுத்தார், தான் பூசிய சுவரைத் தானே சுரண்ட ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன மேஸ்திரி பண்றீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "தப்புப் பண்ணிட்டேன் சார். இன்னிக்கு மட்டும் இல்ல, இருபத்தாறு வருஷமா பண்ணிட்டிருக்கேன். கீழே சிமென்ட்டைப் போட்டு அடைச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம மேல ஏறுதுன்னு பாப்பா எழுதியிருக்காங்க. நானும் பார்த்திருக்கேன் சார், பூசிட்டுப் போன இடத்துல அடுத்த வருஷம் ஒரு அடி மேல நிக்கும். ஏன்னு தெரியாது. வீட்டுக்காரங்க கேட்டா மழை ஜாஸ்தின்னு சொல்லிடுவேன்" என்றார். சுண்ணாம்புப் பூச்சுதான் போட வேண்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துப் படம் இந்தச் சுவர்தானே சார்?" என்று கேட்டார். "ஆமா ஆமா, அதேதான்" என்றேன். மீட்டரில் முத்திரை எப்படி உடைந்தது என்று நான் கேட்கும்போது, "அதுவா விழுந்துடுச்சு சார்" என்பார்களே, அதே குரலில் சொன்னேன். தங்கள் கையேடு ஒன்பதாம் பக்கத்தில் காட்டியபடி அந்த இடத்தை முறையாக மேற்கோள் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்: என் மகள், "கீழ்த்தளச் சுவர்களில் ஈரம் ஏறும் விதம்", முனைவர் பட்ட ஆய்வேடு, பக்கம் 112, நிரந்தர இணைப்பு உரிய கட்டத்தில் நிரப்பப்பட்டுள்ளது. இந்த மேஸ்திரியின் ஒரு பதிவிறக்கம் நிஜமா பொய்யா என்று தங்கள் இயந்திரம் சொல்லட்டும்.

என்றாலும் நான் செய்தது தப்பு இல்லை என்று வாதாட வரவில்லை. பல வருஷம் முன்பு ஒரு தையல்கடையில் ரீடிங் எடுக்கப் போனேன். வழக்கத்துக்கு மாறாகக் கடைக்காரர் நாற்காலி போட்டு, விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். இவ்வளவு உபசாரம் என்றாலே மீட்டரில் ஏதோ கோளாறு என்று எங்களுக்குத் தெரியும். பார்த்தால் மீட்டரின் முதுகில் ஒரு காந்தம். நான் அவரை நிற்கவைத்து, "மீட்டரே பொய் சொன்னா அப்புறம் யாரைப் போய்க் கேட்கிறது?" என்று கேட்டேன். அந்த மனுஷன் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டே நின்றார். சனிக்கிழமையிலிருந்து அந்த முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் ஏறுகிற எண்ணை நிறுத்தினார், நான் நிற்கிற எண்ணை ஏற்றினேன். இரண்டும் திருட்டுத்தான் என்று எனக்குத் தெரியும் அம்மா.

ஆகவே மறுபடி கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் தாண்டட்டும். நேர்காணல் அறையில் என் பெண் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆயிரத்து எண்ணூறு பேர் தன்னைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிற பெண் ஒரு மாதிரி உட்காருவாள், மூன்று பேர் என்று நினைக்கிற பெண் வேறு மாதிரி உட்காருவாள். சனிக்கிழமை காலையில் நானே அவளிடம் சொல்லி, அவள் எத்தனை திட்டுத் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இந்த விஷயம் தங்களுக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருக்கட்டும்.

தங்கள் களஞ்சியம் மேன்மேலும் பெருகட்டும், தேடியவர்க்குத் தேடியது கிடைக்கட்டும், தவளைத் தோல் எழுதியவருக்கும் நல்ல வேலை அமையட்டும். தங்கள் வீட்டுச் சுவர்கள் என்றும் உலர்ந்திருக்க என் மனைவியும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு, தங்கள் கையேட்டின் உண்மையான வாசகன், கீழ்த்தளம் ஒன்றாம் எண் மீட்டர்காரன். செவ்வாய்க்கிழமை.

பின்குறிப்பு, இரண்டாம் பதிப்பு, வியாழக்கிழமை:

அம்மா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நேற்று மதியம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, களஞ்சியத்துலேர்ந்து மெயில் வந்துச்சு. என் ஆய்வை முதல் தடவையா ஒருத்தர் மேற்கோள் காட்டியிருக்காங்களாம். ஆபீஸ்னுகூடப் பார்க்காம எழுந்து நின்னுட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. யாருன்னு திறந்து பார்த்தா, 'என் முழங்கால் மட்டும் சுமார்'னு இருக்கு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நீ எப்படிம்மா படிச்சே? அது பொறுப்பாளர் அம்மாவுக்கு எழுதின கடுதாசியாச்சே?" என்றேன். "அவங்களுக்கு எழுதலப்பா, களஞ்சியத்துலயே ஆவணமா சமர்ப்பிச்சிருக்கீங்க. எல்லோரும் படிக்கலாம்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க. இதுவரைக்கும் தொண்ணூத்தாறு பேர் இறக்கியிருக்காங்க" என்றாள். ஒரே நாளில் தொண்ணூற்றாறு! இதில் நான் செய்தது முதல் இரண்டு மட்டும், அதுவும் சரியாகப் போயிற்றா என்று பார்க்க. உடனே அழிக்கப் போனேன். ஒரு தடவை வைத்த ஆவணத்தை அழிக்க முடியாது, திருத்திய பதிப்பு மட்டுமே சேர்க்கலாம் என்று வந்தது. கையேட்டைப் பார்த்தேன். பதிமூன்றாம் பக்கம். மங்கலாக இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள், "அதெல்லாம் அப்புறம். நூத்திப்பன்னெண்டாம் பக்கம் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். "மேஸ்திரி சொன்னாரேம்மா" என்றேன். "மேஸ்திரி பார்த்தாரு. நீங்க பார்த்தீங்களா?" என்றாள். ஆயிரத்து நானூறு தடவை இறக்கியவன் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? "படிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

படித்தேன் அம்மா. நேற்று மதியம் உட்கார்ந்து இன்று காலை பத்து மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டையும் முடித்தேன். நடுவில் தூங்கினேன், அது ஆய்வேட்டின் குற்றமில்லை. மூன்றாம் பக்கத்தில் நன்றியுரை. "என் அப்பாவுக்கு நன்றி. இதை அவர் படிக்க மாட்டார். படித்ததாகத் தெரு முழுக்கச் சொல்வார்" என்று எழுதியிருக்கிறாள். இரண்டு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் சுவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு வந்தபோது ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதியிருக்கிறாள். படத்துக்கு அடியில் ஒரு குறிப்பு: "விருந்தினர் வருகையை முன்னிட்டு வீட்டு உரிமையாளர் வெள்ளையடித்துவிட்டதால் கடைசி ஆறு அளவுகள் கிடைக்கவில்லை." எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மைத்துனர் குடும்பத்தோடு வருகிறார் என்று நானே தூரிகையை எடுத்தேன். "முனைவர் படிப்புப் படிக்கிற பொண்ணு, சின்னப் பிள்ளை மாதிரி சுவத்துல கிறுக்கி வச்சிருக்கே" என்று போனில் திட்டவும் செய்தேன். அன்றைக்கு அவள் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு ரீடிங்கை நான் அழித்ததில்லை. என் சொந்த மகளின் ஆறு ரீடிங்கை வெள்ளையடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கூப்பிட்டேன். "பார்த்தேன்மா. ஆறு ரீடிங்" என்றேன். "விடுங்கப்பா" என்றாள். விண்ணப்பத்தில் இருந்த அந்த வரியை மாற்றச் சொல்லி நிலையத்துக்கு எழுதிவிட்டாளாம். "என்னன்னு மாத்தினே?" என்றேன். "'இதுவரை ஐந்து வாசகர்கள். அவர்களில் ஒருவர் படித்து முடித்ததும், தான் பூசிய சுவரைத் தானே சுரண்டினார்'னு எழுதிட்டேன்" என்றாள். "அஞ்சு யாரு?" என்று கேட்டேன். "பழைய மூணு. நாலாவது மேஸ்திரி. அஞ்சாவது நீங்க. முழுசா படிச்சீங்கதானே?" என்றாள். "சத்தியமா" என்றேன். "நாளைக்கு அங்கே அஞ்சுன்னு பார்த்துச் சிரிச்சாங்கன்னா?" என்றும் கேட்டேன். "சிரிக்கட்டும்பா. மேஸ்திரி ஏன் சுரண்டினாருன்னு அதுல ஒருத்தர் கேட்டாப் போதும்" என்றாள். குரல் நன்றாக இருந்தது.

ஆகவே, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே எண்ணிக்கையைத் திருத்திவிடுங்கள். ஆனால் மூன்று என்று போடாதீர்கள், ஐந்து. சாட்சி வேண்டுமானால் மேஸ்திரி பூச்சுக் கரணையோடு நேரில் வரத் தயார். இன்னும் ஒரு சின்ன உதவி. விட்டுப்போன ஆறு அளவுகளை என்னால் திருப்பித் தர முடியாது. ஆய்வேட்டோடு புதிதாக ஓர் அளவைச் சேர்க்க வழி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று காலை பதினொரு மணிக்கு, என் நாற்காலிக்குப் பின்னால், சுண்ணாம்புப் பூச்சின் மேல், ஈரம் தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதிவிட்டேன். இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.